கண்ணை மூடி யோசிப்பவர்

நம் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் இனம் உண்டு. 'நாலு மணி நேரத் தூக்கக்காரர்' என்று பெயர். வாசகரே, உங்களுக்கு அவரைத் தெரியும். நலம் விசாரித்தால் நலத்தைச் சொல்லமாட்டார். ராத்திரி தூங்கிய கணக்கைச் சொல்வார், அதையும் குறைத்துச் சொல்வார்.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷாஹுல் இந்த இனத்தில் தலைசிறந்தவர். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, "அவருக்கென்ன பாஸ், கடையா கண்ணியா? நமக்கு நாலு போதும் லா" என்று டாக்டருக்காகப் பரிதாபப்பட்டவர்.

அப்படியானால் மீதி மூன்று மணி நேரம் எங்கே போயிற்று? பிரிக்பீல்ட்ஸ் போகிற ரயிலில் கொஞ்சம், கடையில் சேலை அடுக்குக்குப் பின்னால் கொஞ்சம், சிவப்பு விளக்கில் பின்னால் நிற்கிற லோரி ஹாரன் அடிக்கும் வரை கொஞ்சம், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் பேச்சின்போது நிறைய என்று சில்லறையாகத் தீர்த்துவிடுவார். தட்டி எழுப்பினால் சொல்வார்: "தூங்கல, கண்ண மூடி யோசிச்சேன்."

"குறட்டை விட்டுக்கிட்டு யோசிக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்பார் மனைவி ஹபீபா.

மகள் சுமையாவுக்கு நிக்காஹ் வந்தது. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் 'கட்டிக் கொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை இமாமிடமும் விட்டுவிடலாம். விடுவாரா? "என் பொண்ண நானே கட்டிக் குடுப்பேன்" என்றார். அந்த வாரம் முழுக்கக் கல்யாண வேலை. நாலை இரண்டாக்கி, அதையும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மண்டபத்தில் ஏசி இதமாக இருந்தது. இமாம் ஓதிய குத்பா அதைவிட இதம். ஓதி முடிந்ததும் மாப்பிள்ளை இர்ஃபான் கையை நீட்டினான். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மாமனாரோ தாடி நெஞ்சில் பட, கண்ணை மூடி அமர்ந்திருந்தார்.

"அண்ணே, கட்டிக் குடுக்கச் சம்மதம்தானே?" என்று இமாம் தோளைத் தொட்டார்.

பழக்க தோஷம். "யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் ஷாஹுல்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நிஜாம் எழுந்தேவிட்டார். "சபையக் கூட்டி வச்சுட்டு இப்ப என்ன யோசனை? எம் பையன்கிட்ட என்ன குறை கண்டீங்க? இர்ஃபான், எந்திரி, போலாம்!"

பெண்கள் பக்கத்திலிருந்து சுமையாவின் அழுகைக் குரல் வந்தது. "அத்தா, உண்மையச் சொல்லிடுங்க லா!"

பாவம் மனிதர். ஒரு பக்கம் மகளின் கல்யாணம். மறுபக்கம் இத்தனை வருஷம் கட்டிக்காத்த நாலு மணி நேரம். அத்தனை பேர் முன்னிலையில், "தூங்கிட்டேன், சம்பந்தி" என்றார்.

சபை சிரித்தது. நிஜாமும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். ஷாஹுல் மாப்பிள்ளையின் கையை இறுகப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அப்போது அவர் கண்கள் நனைந்திருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருந்திவிட்டாரா? மறுநாள் கடையில் சொல்கிறார்: "ஏசியக் கூட்டி வச்சுட்டாங்க லா. மத்தபடி நமக்கு நாலு போதும்."

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் வாசகரே, நடுவில் ஓரிடத்தில் ஒரே வரியை இரண்டு தடவை படித்தீர்களே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? யோசித்துக்கொண்டிருந்தீர்களா?