பட்டறை வாசலை மிதிக்காத கார்

சாவியைத் திருகியதும் கார் இருமியது. எண்ணெய் மிதியை அழுத்தியதும் ஒரு ஏப்பம் விட்டது. பிறகு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி பேச்சை அடியோடு நிறுத்திக்கொண்டது.

பரஞ்சோதி கீழே இறங்கவில்லை. இறங்குவது அவ்வளவு சுலபமும் இல்லை. ஓட்டுநர் இருக்கை மனைவி லோகாம்பாளின் உயரத்துக்குத் தோதாக முன்னால் இழுத்துவிடப்பட்டிருந்தது. ஆறடி ஆள் அதில் உட்கார்ந்தால் முழங்கால்கள் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி நிற்கும். இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி உண்டு. இழுத்தால் பின்னால் நகரும். லோகாம்பாள் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அவர் இன்னும் அந்தக் கம்பியைத் தொடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ரொஸ்லி வேலிக்கு மேல் தலையை நீட்டினார். பள்ளிக்கூட உணவுக்கடை நடத்தி ஓய்ந்தவர்; இப்போது மற்றவர்கள் வீட்டு விஷயத்தை நடத்துகிறார்.

"என்னண்ணே, காடிக்குச் சளியா?"

"நேத்துதான் ஏர் ஃபில்டர் மாத்தினேன். புதுசு. பழகணும்."

"செருப்புன்னா பழகணும். ஃபில்டருமா?"

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. தெலுக் இந்தானில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க, ஏர் ஃபில்டர் விஷயத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் முன்மூடியைத் திறப்பார். கறுப்புப் பெட்டியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, செம்பனை லாரிப் புழுதியும் புகைமூட்டமும் தின்று கறுத்த பழைய ஃபில்டரை வெளியே எடுப்பார். பிடுங்கிய பல்லைக் காட்டும் வைத்தியர் மாதிரி தெருவுக்கே அதைக் காட்டுவார். பிறகு புதியதை, கடையில் வாங்கின அழகு குலையாமல், விரல் ரேகைகூடப் படாமல் உள்ளே வைத்து மூடுவார்.

பொருளைப் பொன்போலப் பார்ப்பவர். அவர் வீட்டில் தொலைக்காட்சி ரிமோட் இன்னும் தன் பிளாஸ்டிக் உறைக்குள்தான் வாழ்கிறது. பதினேழு வருஷத்துக்கு முன் காரோடு வந்த இருக்கை உறை, உட்கார்ந்தால் இன்றைக்கும் சரசரக்கும். "புதுசு புதுசாவே இருக்கணும்" என்பது அவர் கொள்கை. கல்யாணமான புதிதில் லோகாம்பாள், "நல்லவேளை, எனக்கு உறை போடல" என்று சொல்லியிருக்கிறாள்.

ஃபில்டரை மாற்றிவிட்டால், கருவிகளைச் சாமிப் படத்துக்குமுன் வைத்துவிட வேண்டும். பூசை முடிகிறவரை காரை யாரும் கிளப்பக் கூடாது. மறுநாள் விடிந்ததும் லோகாம்பாள்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பெட்ரோல் மிச்சம் என்று தெரு இறக்கத்தில் உருட்டிக்கொண்டே அம்மன் கோயிலுக்குப் போவாள். பரஞ்சோதி போக மாட்டார். கோயில் தலைவருக்கும் அவருக்கும் ஒரு ஒலிபெருக்கி விஷயத்தில் மனஸ்தாபம். அவள் சந்தனம் பூசிய காரோடு திரும்பும்போது அது பால் குடித்த பூனை மாதிரி உறுமும்.

"ஆத்தா புண்ணியத்துல நல்லா ஓடுதுங்க."

"ஆத்தாவா கைலியைக் கட்டிக்கிட்டு ஃபில்டர் மாத்துனா? நான் மாத்துனேன்."

அவள் சிரிப்பாள்.

இந்த வருஷம் துக்க வீடு. பூசை இல்லை, பழம் இல்லை, சந்தனம் இல்லை. ஃபில்டர் மட்டும் உண்டு. ஏனென்றால் அதில் ஒரு வீடே அடமானத்தில் இருந்தது.

கருமாதியன்று மகன் செழியன் சொன்னான். "ஜொகூருக்கு வந்துடுங்கப்பா. இந்த வீட்டை வித்துடலாம். அம்மா இல்லாம நீங்க எப்படித் தனியா?"

பரஞ்சோதி கொதித்துப்போனார். அழுகையைக் கோபமாக மாற்றத் தெரிந்த தலைமுறை. "உங்கம்மாவை நம்பியாடா நான் இருந்தேன்? இத்தனை வருஷமா இந்தக் காடியை யாரு பார்த்துக்கிட்டா? ஒரு நாள் பட்டறை வாசலை மிதிச்சிருக்கா, கேளு."

செழியன் ஒரு பந்தயம் வைத்தான். "சரி. தீபாவளிக்கு முன்னால வருவேன். நீங்களே காடியை ஓட்டிட்டு வந்து பஸ் ஸ்டேசன்ல நில்லுங்க. நின்னா, வீட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

இன்றைக்கு அந்த நாள். மத்தியானம் பஸ்.

பரஞ்சோதி மறுபடி திருகினார். இருமல். மறுபடி. ஏப்பம். விடாமல் மிதித்ததில் பெட்ரோல் வாடை தெருக்கோடிவரை போய், ஒரு வீட்டில் யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"பெட்டியைத் திறந்து பார்ப்போமாண்ணே?" ரொஸ்லி இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"அதுல கைய வைக்காதே. உள்ள அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன். திறந்தா தூசி உள்ள போயிடும்."

"அப்ப பேட்டரியா இருக்கும்."

பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்கள். கார் பழையபடியே இருமியது. ஆனால் வானொலி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. லோகாம்பாள் பிடித்து வைத்திருந்த தமிழ் நிலையம் இருந்த இடத்தில் வெறும் இரைச்சல். அதை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. அவள் விரல்தான் அந்த வேலையைச் செய்யும். ஒரு நிமிஷம் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார். அணைக்க மனம் வரவில்லை. பேட்டரி போய்விடும் என்று ரொஸ்லிதான் கையை நீட்டி அணைத்தார்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு. கோவிச்சுக்கிறேன்."

"வருஷா வருஷம் அக்கா பழத்து மேல ஏத்திட்டுப் போவாங்க. நாலு டயருக்கு நாலு பழம். நான் ஜன்னல்லேர்ந்து பார்ப்பேன். இந்த வருஷம் அது ஒண்ணுதான் நடக்கல."

"துக்க வீடுய்யா. கூடாது."

"துக்கம் உங்களுக்கு. காடிக்குமா?"

பரஞ்சோதி காரைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் முன்னால் நகர்ந்தே நிற்கும் அந்த இருக்கையைப் பார்த்தால், காருக்கும் இருக்கும் என்றுதான் தோன்றியது.

ரொஸ்லி தன் வீட்டுச் செடியிலிருந்தே பழம் பறித்து வந்தார். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு.

"என்னய்யா இவ்ளோ சின்னதா இருக்கு?"

"சின்னக் காடிதானே."

பழங்கள் டயருக்கடியில் போயின. பரஞ்சோதி உள்ளே ஏறி, முழங்கால்களை மடக்கி, யாருக்கும் கேட்காமல் மேலே பார்த்துச் சொன்னார்: "ஆத்தா, இத்தனை வருஷமும் நீதான் மாத்துனேன்னு ஒத்துக்கிறேன். மைக் விஷயத்துலகூட என் மேலதான் தப்பு. போதுமா?"

"சீட்டைப் பின்னால தள்ளிக்குங்கண்ணே. எப்படித் திருப்புவீங்க?"

"இருக்கட்டும். நீ தள்ளு."

ரொஸ்லி தள்ளினார். பழங்கள் நசுங்கின. கார் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. தெரு இறக்கமானது, கார் உருளத் தொடங்கியதும் பரஞ்சோதிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆத்தா கேட்டுவிட்டாள். முனையில் மட்டும் வலப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினார். ஸ்டீயரிங் பாதி வழி வந்து முழங்காலில் முட்டி நின்றது. கார், தனக்குச் சொன்ன பாதி வழியே போய், முன்சக்கரத்தைச் சாக்கடைக்குள் இறக்கி உட்கார்ந்துகொண்டது.

எதிரில்தான் மெக்கானிக் ஆ ஹோக்கின் பட்டறை. பதினேழு வருஷமாக அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் பரஞ்சோதி நிமிர்ந்தே தாண்டியிருக்கிறார். ஆ ஹோக் சங்கிலியும் ஆட்களுமாக வந்தார்.

கார் சேறு சொட்டச் சொட்ட மேலே ஏறும்போது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தோளில் பையோடு செழியன் இறங்கினான். சேற்றைப் பார்த்தான், டயரில் ஒட்டியிருந்த பழத்தோலைப் பார்த்தான், அப்பாவின் கைலியைப் பார்த்தான்.

"பஸ் சீக்கிரமா வந்துடுச்சா?" என்றார் பரஞ்சோதி.

"லேட்டாத்தான் வந்துச்சு. அப்புறம் நானும் நின்னு பார்த்தேன்." அவன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். அவனோ குரலைத் தாழ்த்தினான். "போதும்பா. வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்து வைங்க."

பரஞ்சோதி தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் வீடு, வாசல், ரொஸ்லியின் வேலி எல்லாம் கைமாறிவிட்டன.

பட்டறைக்குள் ஆ ஹோக் முன்மூடியைத் தூக்கினார். கறுப்புப் பெட்டியின் கொக்கிகளை விடுவித்தார். உள்ளே பார்த்தார். பரஞ்சோதியை ஒரு தடவை பார்த்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ செய்தார். எதுவோ சரசரத்து அவர் கால்சட்டைப் பைக்குள் போனது. பெட்டியை மூடினார்.

"ஸ்டார்ட் அடிங்க அங்கிள்."

பரஞ்சோதி சாவியைத் திருகினார். கார், பால் குடித்த பூனை மாதிரி உறுமியது.

"என்ன கோளாறு?" என்றான் செழியன்.

"கோளாறே இல்ல. அங்கிள் போட்டது சரியாத்தான் போட்டிருக்காரு. காத்து கொஞ்சம் சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான். காசெல்லாம் வேணாம்."

பரஞ்சோதி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். ஒரு நாளில் இழந்த உயரமெல்லாம் திரும்பிவிட்டது. "கேட்டியா? தொழில் தெரிஞ்சவன் வாயால கேட்டியா? நான் போட்டது சரி."

கருமாதிக்குப் பிறகு செழியன் முதல் தடவையாகச் சிரித்தான். "கேட்டேன்பா. சரி, இங்கேயே இருங்க. வீட்டைப் பத்தி நான் பேசல."

அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்க வானொலியைப் போட்டார். இரைச்சல்தான் வந்தது, இன்றைக்கு அதுகூட நன்றாக இருந்தது.

உள்ளேயிருந்து ஆ ஹோக்கின் மனைவி கோப்பியோடு வந்தார். மகள் பிரசவத்துக்கு ஈப்போ போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டு, முந்தாநாள்தான் ஊர் திரும்பியவர். முன்னால் இழுத்துவிடப்பட்ட இருக்கையைப் பார்த்துச் சிரித்தபடியே வந்தவர், அதில் மடங்கி உட்கார்ந்திருந்த ஆறடியைக் கண்டதும் நின்றார். ஆ ஹோக் கண்ணைக் காட்டினார். மனைவி அதைக் கவனிக்கவில்லை.

"ஃபில்டர்ல நீங்க விட்டுடற பிளாஸ்டிக்கை உருவிட்டுப் போக வருஷா வருஷம் ஆண்டிதானே வருவாங்க. இந்த வருஷம் ஏன் அங்கிள் உங்களை அனுப்பிட்டாங்க?"