சபாநாயகரின் கை

"வாக்குகள் சரிசமம்" என்று அறிவிக்கும்போதே சீவரத்தினத்துக்கு வியர்த்துவிட்டது.

உரும்பிராயில் போரால் மின்சாரம் நின்று இரண்டு வருஷம். வாசிகசாலையின் பின்கொட்டிலில் ஒரு ரேடியோ இருந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை இளையதம்பி கையால் சுற்றினால், டைனமோவின் தயவில் அது கதைக்கும். அரை மணித்தியாலம்தான். அதற்குமேல் அவருடைய தோள் தாங்காது.

ஆறு மணிக்கு ஒரு நிலையத்தில் செய்தி, இன்னொன்றில் தொடர் நாடகம். இன்று நாடகத்தின் கடைசி நாள்; கதாநாயகி யாரைக் கட்டுகிறாள் என்று தெரிந்துவிடும். எதைக் கேட்பது என்று முடிவெடுக்க வாசிகசாலைச் சபை பாராளுமன்ற முறைப்படி கூடியிருந்தது. வாக்கு சமமாக வந்தால், முடிவு சபாநாயகர் சீவரத்தினத்தின் கையில்.

செய்திக் கட்சிக்கு அவருடைய அண்ணை பரமலிங்கம் தலைவர். நாளைக்குச் சீவரத்தினத்தின் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க அண்ணையின் பம்ப்தான் வேண்டும். நாடகக் கட்சிக்குத் தலைவி, சீவரத்தினத்தின் மனைவி குணலட்சுமி.

"திரும்ப எண்ணுவம்."

எண்ணினார். திரும்பவும் சமம்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே," என்றார் பரமலிங்கம், "என்ரை பம்ப் நாளைக்கு ஸ்டார்ட் வருமோ தெரியாது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு பாருங்கோ."

"கௌரவ சபாநாயகர் அவர்களே," என்றாள் குணலட்சுமி, "எங்கடை வீட்டு அடுப்பும் அப்பிடித்தான்."

சீவரத்தினம் தேங்காய்ச் சிரட்டையால் மேசையில் தட்டினார். "சபாநாயகரை வெருட்டக் கூடாது. ரெண்டு பேரும் வெளியிலை போங்கோ."

போனார்கள். பக்கத்துக்கு ஒருவர் குறைந்ததால் வாக்கு இன்னும் சமம். உள்ளே இருந்தபோது ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்கள், இப்போது ஒரே ஜன்னலில் நின்று அவரையே பார்த்தார்கள்.

"எனக்கு வயித்துக்கை குத்துது" என்றார் சீவரத்தினம். நாடகக் கட்சியைச் சேர்ந்த உப சபாநாயகர் சின்னத்தங்கத்திடம் சிரட்டையைக் கொடுத்துவிட்டு, உறுப்பினர்களின் வாங்கில் போய் இருந்தார். உயிர் வந்தது.

சின்னத்தங்கம் சபாநாயகர் கதிரையில் அமர்ந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள். "இப்ப நான் சபாநாயகர். எனக்கு வாக்கில்லை. அதாலை நாடகத்துக்கு ஒண்டு குறையுது."

"அப்ப செய்தி வெண்டிட்டுது" என்றார் ஜன்னலில் பரமலிங்கம்.

"பொறுங்கோ. சீவரத்தினம் அண்ணை இப்ப வெறும் உறுப்பினர். அவருக்கு வாக்கிருக்கு." அவர் பக்கம் திரும்பினாள். "நாடகத்துக்குக் கை தூக்கினால் சமம். பிறகு நான் பாத்துக்கொள்ளுறன்."

"தூக்காட்டில்?"

"செய்தி."

"இஞ்சேருங்கோ" என்றது ஜன்னல்.

"தம்பி" என்றது அதே ஜன்னல்.

சீவரத்தினம் கண்ணை மூடினார். மடியிலிருந்த கை மெல்ல எழும்பியது. நெஞ்சைத் தாண்டி, காதைத் தாண்டி, தலையைச் சொறிந்தது.

"அண்ணை, அது வாக்கோ, பேனோ?" என்றாள் சின்னத்தங்கம்.

பதிலுக்கு முன் இளையதம்பி தோளைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னும் முடியேல்லையோ? கூட்டம் துவங்கேக்கையே சுத்தச் சொன்னியள். ஆறரை ஆச்சு. என்ரை தோளும் போச்சு."

"அப்ப செய்தி?" என்று கேட்டார் சீவரத்தினம்.

"முடிஞ்சுது."

"நாடகம்?"

"அதுவும் முடிஞ்சுது. முழுக்கக் கேட்டன்."

இளையதம்பி மேசையில் கிடந்த சிரட்டையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார்.

"கடைசியிலை அந்தப் பெட்டை ஆரைக் கட்டினவள் எண்டு அறிய விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஜன்னல் கம்பிகளுக்குள்ளால் முதலில் நீண்டது பரமலிங்கத்தின் கை.