மூன்று வாரம் பின்னால் போன விடுதி

கண்ணைத் திறந்துகொண்டே காணாமல் போகும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வகுப்பில், பேருந்தில், பல் டாக்டரின் நாற்காலியில்கூடப் போயிருக்கிறேன். அதனால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை, ஒரே ஒரு சனிக்கிழமையைத் தவிர.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருவிடந்தையில், சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடலைப் பார்த்தபடி நிற்கும் பன்னிரண்டு அறை விடுதி ஒன்றில் கம்ப்யூட்டர் பொறுப்பாளராக இருந்தேன். (பொறுப்பாளர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றவும் நான்தான்.)

உப்புக் காற்றில் வரவேற்பறைக் கம்ப்யூட்டர் ஒருநாள் உயிரை விட்டது. ஒரு மாத அறைப் பதிவுகளும் அதோடு போயின. முதலாளி பிலோமினா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே எது செத்தாலும் நம்ம விவரம் சாகக் கூடாது. எல்லாத்தையும் பத்திரமா க்ளவுட்ல வை. எப்படி வைக்கப்போறேன்னு மொதல்ல எழுதிக் குடு."

எழுதினேன். மூன்று கம்ப்யூட்டர், மேடத்தின் லேப்டாப், சமையலறை டேப்லெட், நான்கு போன். எதை தினமும் நகலெடுப்பது, எதை வாரம் ஒருமுறை, பழைய நகல்களை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் யார் திறக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நிறுத்தவே மனம் வரவில்லை. சமையல் மாஸ்டர் ஏழுமலை மட்டும் ஒரு திருத்தம் கேட்டார்.

"அண்ணாத்த, என் பேரன் டான்ஸ் ஆடுற வீடியோ அந்த டேப்லெட்லதான் கீது. அதையும் மேலே ஏத்திடு."

ஏற்றினேன். பிறகு, வரவேற்பறையில் இருந்த டெய்சியின் பதிவு நோட்டை வாங்கி அலமாரியில் பூட்டினேன். "இனிமே நோட்டு வேணாம். கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதுதான் உண்மை" என்று அவளிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், எடுத்துவைத்த நகலை ஒருமுறை திரும்ப இறக்கிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று எழுதியிருந்தேன். நியாயமான பேச்சு. ஆனால் அதைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரில்தான் செய்துபார்க்க வேண்டும். நானோ, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தேன்.

திரையில் தேதிகள் வரிசையாக நின்றன. ஜன்னலுக்கு வெளியே கடல் வெள்ளித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரே ஒரு படகு, போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மிதந்தது. அதைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு பெரிய அரங்கத்தில் நான் பேசி முடிக்கிறேன். எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார். அந்தக் கைதட்டலின் நடுவே என் விரல் எதையோ அமுக்கியது. வெற்றிகரமாக மீட்கப்பட்டது என்றது திரை. நானும் வெற்றிகரமாகச் சவுக்குத் தோப்புக்குப் போய், நிழலில் படுத்து, விட்ட இடத்திலிருந்து கைதட்டலைத் தொடர்ந்தேன்.

நான் மீட்டது மூன்று வாரத்துக்கு முந்தைய நகலை.

இரண்டு வாரத்துக்கு முன்புதான், படாளத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பெண்ணின் அப்பா பன்னிரண்டு அறையையும் பதிவு செய்திருந்தார். மறுநாள் காலை திருவிடந்தைக் கோயிலில் கல்யாணம். மூன்று வாரத்துக்கு முந்தைய கம்ப்யூட்டருக்குக் கல்யாணமும் தெரியாது, படாளமும் தெரியாது. அது பன்னிரண்டு அறையும் காலி என்று இணையத்தில் அறிவித்துவிட்டது. சனிக்கிழமை, கடல் பார்த்த அறை, சொல்ல வேண்டுமா?

மூன்றரை மணிக்கு ஏழுமலை மாஸ்டர் தோப்புக்கு வந்து என்னைத் தட்டினார்.

"நாளைக்கு நாஸ்தாவுக்கு உளுந்து ஊறப்போடவா, வேணாவா? கல்யாணம் நின்னுபூச்சாமே?"

"யாரு சொன்னா?"

"உன் கம்ப்யூட்டர்தான் சொல்லிச்சாம்."

ஓடினேன். டெய்சி ஏழாவது அறையின் சாவியை ஒரு குடும்பத்திடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே சார் கம்ப்யூட்டர் சொல்றதுதான் உண்மைன்னீங்க? கல்யாணத்தையே காணோம். பாவம், இன்னா பிரச்சனையோன்னு அந்தப் பொண்ணுக்காக ஜெபம்கூட பண்ணிகினு இருந்தேன்."

அன்று காலை எடுத்த நகலை இறக்கினேன். பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகிவிட்டது. நீச்சல் குளத்தில்தான் ஆகவில்லை. அங்கே ஆறு குடும்பங்கள் ஏற்கெனவே நனைந்திருந்தன.

நாலு மணிக்கு வேன்கள் வந்தன. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா தணிகாசலம். மைக் தேவைப்படாத குரல்.

"சாவி குடுப்பா. பொம்பளைங்க மூஞ்சி கழுவணும்."

நான் நகல், மீட்பு, க்ளவுட் என்று ஏதோ உளறினேன்.

"க்ளவுடா? இந்த வெயில்ல ஏதுப்பா மேகம்?"

பெண்ணின் அப்பா முன்னால் வந்தார். ஒல்லியான மனிதர். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டேனேப்பா" என்று மெதுவாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. என்னாலும் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்போது மாப்பிள்ளையின் தங்கை வேனிலிருந்து இறங்கினாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த சவுக்குச் சருகை ஒரு விநாடி பார்த்தாள்.

"சித்தப்பா, மேகமும் இல்ல ஒண்ணும் இல்ல. இவரு தூக்கத்துல பட்டனை அமுக்கிட்டாரு. பொண்ணோட அப்பாவ ஏன் முறைக்கிறீங்க? அவரு இன்னா பண்ணுவாரு?"

சித்தப்பா முறைப்பை என் பக்கம் திருப்பினார். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மீதி ஐந்து அறைகளில் மாப்பிள்ளையையும் பெரியவர்களையும் அடைத்தோம். சித்தப்பாவையும் சேர்த்துப் பதினாலு பேர் மிஞ்சினார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு விடுதியிலும் இடமில்லை. செங்கல்பட்டில் இருந்த மேடம் போனில் வந்தார்.

"பதினாலு பேரை எங்க தங்க வைப்பே?"

"எங்க வூட்ல மேடம்." சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

எங்கள் வீடு புதுப்பட்டினத்தில், இரண்டே படுக்கையறை. அப்பா பக்கத்திலேயே அணு ஆராய்ச்சி நிலைய அலுவலகத்தில் வேலை பார்த்தார். அம்மாவை அழைத்தேன்.

"பதினாலுன்னா நெஜமாவே பதினாலா? இல்ல எதுனா கனவு கண்டுகினு சொல்றியா?"

வேன் கிளம்பியது. கடற்கரைச் சாலையில் வெயில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி, மாமல்லபுரம் தாண்டியதும் உப்பங்கழி முழுக்க வானம் இறங்கிக் கிடந்தது. கொக்குகள் அந்த வானத்தின் மேலேயே நடந்தன. மானம் போய், வேலையும் போகவிருந்த நேரத்திலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்துச் சீட்டிலிருந்து சிரிப்பு கேட்டது. அதே தங்கை. பெயர் கயல்விழி, செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"மறுபடியும் போயிட்டீங்களா?" என்றாள்.

வீட்டு வாசலில் எங்கள் அடுக்ககமே நின்றது. அம்மா எல்லாக் கதவையும் தட்டிவிட்டிருந்தாள். மேல்மாடித் திருநெல்வேலி வீடு நாலு பேரை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பால் சொதி வைத்தது. எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர்கள் மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு அரிசிம்பருப்புச் சோறு போட்டார்கள். சித்தப்பா எந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை, மூன்றிலும் சாப்பிட்டார். கடைசியில் எங்கள் மீன்குழம்பையும் தொட்டு நக்கிவிட்டு, "காலைல இன்னா நாஸ்தா?" என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணம் நல்லபடி நடந்தது. பெண்ணின் அப்பா மறக்காமல் என்னைக் கூப்பிட்டுப் பந்தியில் உட்காரவைத்தார். மேடம் என் திட்டத்தை ஏற்றுக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "பரிசோதனையைத் தனிக் கம்ப்யூட்டரில் டெய்சி செய்வாள்." டெய்சி நோட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு அதே கோயிலில் கயலுக்கும் எனக்கும் கல்யாணம். அறைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று சித்தப்பா நேரில் வந்து மூன்று முறை பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒருவர் சும்மா வெறித்துப் பார்த்தால் அதற்குப் பெயர் 'மூணு வாரம் பின்னாடி போறது'. நேற்றுக்கூட, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது ஆறு வயது மகள் என் முழங்கையைத் தட்டினாள்.

"அப்பா, இன்னிக்கு நீ எந்தத் தேதியில கீற?"

சொன்னேன். கயல் காலண்டரைப் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டிய பிறகே குழம்பு ஊற்றினாள்.