மாப்பிள்ளைக்கு சீட் வேண்டாம்

மதிப்புக்குரிய அண்ணாவுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. காரணம் நீங்கள்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், "எங்க மாப்பிள்ளை கைராசிக்காரர், நின்னா ஜெயிப்பார்" என்று கட்சித் தலைவரிடம் சொல்லி, சிவனே என்று ஊசி போட்டுக்கொண்டிருந்த மனுஷனைச் சட்டசபைக்கு அனுப்பினீர்களே, அன்று பிடித்தது எனக்குத் தலைவலி. கிளினிக்கைப் பூட்டினாரே தவிர டாக்டர் வேலையை விடவில்லை. சாலை கேட்டு மனுவோடு வருகிறவர் சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு போகிறார். சபையில் எதிர்க்கட்சிக்காரர் நாற்காலி மேல் ஏறிக் கத்தினால், எல்லோரும் பதிலுக்குக் கத்த, இவர் மட்டும் பக்கத்தில் போய், "காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று விசாரிக்கிறார். அப்பா வீட்டில் தங்குவதில்லை என்று எங்கள் மகளே ஒருநாள் கட்சி ஆபீஸில் மனுவோடு வரிசையில் நின்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவளையும் நாக்கை நீட்டச் சொன்னார்.

போன மாதப் பொதுக்கூட்டத்தில் ஆற்றுக்குப் பாலம் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் எனக் கட்சிச் செயலாளர் காதைக் கடித்தார். இவரோ நோயாளியின் வீட்டாரைத் தனியே கூப்பிட்டுப் பேசுகிற அதே குரலில், "மனசைத் திடப்படுத்திக்கோங்க. இந்த வருஷமும் பாலத்துக்குப் பணம் ஒதுக்கலை. பொய் நம்பிக்கை கொடுத்து எனக்குப் பழக்கமில்லை" என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா அழுதேவிட்டார். செயலாளரும் அழுதார், வேறு காரணத்துக்காக.

அது ஆறுவதற்குள், போன தடவை இவரிடம் தோற்றவர் ஊர்வலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, இவர் அவரை அள்ளி நம் கட்சிக்கொடி கட்டின ஜீப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் அவர் நம் கட்சிக்கு வந்துவிட்டதாக நினைத்து நம் ஆட்கள் வழிநெடுக வாழ்க கோஷம் போட்டதில், இரண்டு கட்சியும் இவர்மேல் பாய்கின்றன.

போதும் அண்ணா. இழுத்துவிட்டவர் நீங்கள், நீங்களே தலைவரிடம் பேசி இந்தத் தடவை சீட் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு என் வீட்டுக்காரர் வீட்டில் வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் டீவியில் வேட்பாளர் பட்டியல் வந்துவிட்டது. இவர் பெயர் இல்லை. நேரே போய்க் கிளினிக்கைத் திறந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னங்க என்றேன். "ஆத்தைச் சுத்தி என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள ஏழு பேர் உயிர் போயிடுச்சு. அந்தப் பாலத்துக்காகத்தான் நின்னேன். இன்னும் ஒரு தடவை கிடைச்சிருந்தா கட்ட வச்சிருப்பேன்" என்றார். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அண்ணா, இவர் சுயேச்சையாக நிற்கப் போகிறார். அது இவருக்கே இன்னும் தெரியாது. உங்கள் ஜீப்பையும் ஒலிபெருக்கியையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பி வாருங்கள். மைக்கை மட்டும் இவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.