சிரிலின் ரோலர் கோஸ்டரை நான் பரிசோதித்த விவரம்

வானவடி, பூனா
16 நவம்பர் 1987

அன்புள்ள ஜோஸ்பின் அக்காளுக்கு, தம்பி வேதமணி எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே என் சர்க்கரையைத் தவிர மற்றதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அத்தானின் முழங்கால் வலி குறைந்து, இருவரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நீ எழுதிய வங்கி மாப்பிள்ளை விஷயத்துக்குப் பதில் தாமதமானதற்கு உன் மருமகள் ஈனிட்தான் காரணம். "அப்பா, எனக்கு சிரிலைத்தான் பிடிச்சிருக்கு. அவர் வேலை பாக்கிற இடத்தை ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். சிரில் நம் சபைப் பையன், லியோனார்ட் வாத்தியாரின் மகன். சோலாப்பூர் சாலையில் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா வந்திருக்கிறது. அங்கே ஏழு மாடி உயரத்துக்கு இரும்புத் தூண்களை நட்டு, மேலே வளைத்து வளைத்துத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஆட்களை வண்டியில் உட்காரவைத்து உச்சிக்கு இழுத்துப்போய் அங்கிருந்து கீழே விட்டுவிடுவார்கள். ஜனங்கள் டிக்கெட் எடுத்து ஏறிக் கத்துகிறார்கள். அந்த ரோலர் கோஸ்டரைப் பழுதில்லாமல் ஓட்டுவது சிரிலின் பொறுப்பு.

நான் முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கத் தொழிற்சாலையில் பரிசோதகனாக இருந்தவன். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கினவன். அதனால் என் பழைய சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை பார்க்கச் சுத்தியலோடு போன தகப்பன் நம் குடும்பத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று சனிக்கிழமை, குழந்தைகள் தினம் வேறு, வரிசையில் முந்நூறு பேர் நின்றார்கள். நான் ஒவ்வொரு தூணாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். எட்டாவது தூணில் சத்தம் சரியில்லை. ஒரு போல்ட் விரலால் தொட்டாலே சுற்றியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், உன்னிடம் மறைப்பானேன். சிரிலைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும், "இதுதான் நீ வேலை பாக்கிற லட்சணமாக்கும்?" என்றேன். அவன் எதிர்த்துப் பேசுவான், கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

அவனோ, "காலைல நான் பாக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு மாமா. ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம் மறுபடி பாக்காம ஆள ஏத்த முடியாது" என்று சொல்லி வண்டியை நிறுத்திவிட்டான். முதலாளி ஓடிவந்து, இந்தக் கிழவருக்கு இங்கே என்ன வேலை என்று ஹிந்தியில் கத்தினார். சிரில் அவருக்கும் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு உச்சிவரை ஏறி, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்து இறங்க நாலு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பார்த்தால், அக்கா, நான் பிடித்த போல்ட் தூணைத் தாங்குகிற போல்ட்டே இல்லை. தூணின் மறுபக்கம் "இதய நோயாளிகள் ஏறக் கூடாது" என்று தொங்கிய தகரப் பலகையின் போல்ட். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. முதலாளி அவனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ரொம்ப நேரம் வெயில்ல நின்னுட்டீங்க மாமா, சாய் குடிக்கிறீங்களா?" என்று கேட்டான்.

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் என் பேச்சைக் கேட்டு ஒருவரும் ஒரு மெஷினையும் நிறுத்தியதில்லை. "கையெழுத்தப் போடுங்க வேதமணி, லாரி நிக்குது" என்பார்கள். இரண்டு தடவை மனசாட்சியை அடக்கிக்கொண்டு போட்டும் கொடுத்தேன். இதை உன்னைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

ஆனாலும் நான் பெண்ணைப் பெற்றவன். வேலையில்லாத பையனுக்கு எப்படிக் கொடுப்பது? அந்த வேலை என்னால் போனது என்பது வேறு விஷயம். ஆகையால் வங்கி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொல்லிவிடு. ஈனிட்டிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அத்தானையும் உன்னையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் தம்பி,
வேதமணி

பி.கு. (செவ்வாய் இரவு): மேலே எழுதியது அத்தனையும் ரத்து. வங்கிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. இன்று சாயங்காலம் வெட்கத்தை விட்டு லியோனார்ட் வாத்தியார் வீட்டுக்கே போய், "எங்க ஈனிட்ட உங்க வீட்டுக்கு எடுத்துக்கிடுங்க" என்று கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்றார். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியாதபோது அப்படித்தான் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியாததா? ஈனிட்டைக் கேட்டு வந்த மூன்று வீட்டாரை அதையே சொல்லித்தான் நானும் அனுப்பினேன். ஒருவருக்காகவும் ஜெபிக்கவில்லை. அக்கா, கிடைக்கிற ரயிலில் ஏறி வா, உன் பேச்சை அவர்கள் தட்ட மாட்டார்கள். இதை ஒட்டிவிட்டு நான் முழங்கால் போடப்போகிறேன், இந்தத் தடவை உண்மையாகவே.