ஊர்க்காரன் விலை

டொபேகோவில் இருக்கப் போகும் மூன்று நாளும் ஒரு டாலர்கூட ஏமாறுவதில்லை என்று செல்வின் பாப்டிஸ்ட் கப்பல் ஏறும் முன்பே சபதம் எடுத்துக்கொண்டார்.

பக்கத்துத் தீவான டிரினிடாடில், அரீமா என்ற ஊரில் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பது வருஷத்தில் நாய்கள் கடித்ததுண்டு. மனிதர்கள் ஏமாற்றியதில்லை. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார்.

கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததுமே மனைவி லிஸ்ட்ராவுக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டார்.

"கடற்கரையில எல்லாத்துக்கும் மூணு விலை உண்டு. வெள்ளைக்காரனுக்கு ஒண்ணு. நம்மள மாதிரி டிரினிடாட்லேர்ந்து போறவனுக்கு ஒண்ணு. ஊர்க்காரனுக்கு ஒண்ணு. நாம மூணாவது விலையிலதான் வாழப் போறோம்."

"நாம அந்த ஊர்க்காரங்க இல்லையே, செல்வின்."

"ஆயிடுவோம்."

"எப்படி?"

"பேச்சுல."

டொபேகோக்காரர்கள் அவசரமே இல்லாமல் பேசுவார்கள். வார்த்தையின் வாலைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்து, பிறகுதான் விடுவார்கள். சவரக் கண்ணாடி முன்னால் நின்று செல்வின் இரண்டு வாரம் அப்படி இழுத்துப் பழகியிருந்தார். முதல் நாள் லிஸ்ட்ரா குளியலறைக் கதவைத் தட்டி, பல்வலியா, டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டாள்.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு படகுக்காக. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில் இருவரும் இதே தீவுக்கு வந்திருந்தார்கள். அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகில் ஏறி நைலான் பூலுக்குப் போக வேண்டும் என்று லிஸ்ட்ரா ஆசைப்பட்டாள். நடுக்கடலில் இடுப்பளவுத் தண்ணீர். கீழே வெள்ளை மணல். கல்யாணம் ஆனவர்கள் கையைக் கோத்துக்கொண்டு அங்கே நிற்பார்கள். செல்வின் விலையைக் கேட்டார். "பகல் கொள்ளை. அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். லிஸ்ட்ரா கரையில் நின்று மற்றவர்கள் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால் செல்வின் மறந்திருப்பார். அந்த முதுகு மட்டும் இருபத்தேழு வருஷமாக அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள். அன்றைக்கு அவளை அங்கே கூட்டிப்போய் நிறுத்தியே தீருவது என்று வந்திருந்தார்.

ஆனால் சரியான விலையில்.

வெள்ளிக்கிழமை கரை இறங்கியதும் சட்டங்கள் அமலுக்கு வந்தன. தொப்பி கூடாது. முகத்தில் வெள்ளைக் களிம்பு கூடாது. சிப்பி மாலை விற்பவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

"முக்கியமா, கடலைப் பார்த்து வாயைப் பிளக்கக் கூடாது. நமக்கு அது பழசு."

லிஸ்ட்ரா பக்கத்து வீட்டு மதில் சுவரைப் பார்ப்பது போலக் கடலைப் பார்த்தாள்.

"இது போதுமா?"

"இன்னும் கொஞ்சம் சலிப்பா."

கடற்கரைக் கடைகளில் நண்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. நண்டும் மாவுருண்டையும் ஒரு தட்டு வாங்கலாமே என்றாள். விலை விசாரித்து வந்த செல்வின், அரீமாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெலாவ் சோற்றைத் திறந்தார். சனிக்கிழமையும் அதே பெலாவ். சாயங்காலத்துக்குள் அந்தச் சோறு தானே எழுந்து கடலுக்கு நடந்துவிடும் போலிருந்தது. லிஸ்ட்ரா அதையும் சலிப்பாகவே சாப்பிட்டாள். சட்டம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லிஸ்ட்ரா தனியாக நடக்கப் போய்விட்டு வந்தாள். புது நீல கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். காதில் சின்னத் தோடு. இருபத்தேழு வருஷத்தில் பத்து வருஷத்தை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். சொல்லலாம் என்று செல்வினுக்குத் தோன்றியது. சொன்னால் வெளியூர்க்காரன் மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டார்.

படகுக்காரன் எர்ஸ்கின் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். படகில் ஏறப் பத்துப் பதினைந்து பேர் காத்து நின்றார்கள்.

"குட் மார்னிங்ணே. எங்கேர்ந்து வர்றீங்க?"

செல்வின் வார்த்தையின் வாலைப் பிடித்தார். "எங்கேர்ந்து வர்ர்றது. இங்ங்கதான்."

எர்ஸ்கின் லிஸ்ட்ராவைப் பார்த்தான். லிஸ்ட்ரா கடலைப் பார்த்தாள்.

"இங்கதான்னா?"

"இந்தத் தீவுதான் தம்பி. அதனால பார்த்துப் போடு. வெளியூர்க்காரன் விலையெல்லாம் நம்மகிட்ட வேண்டாம்."

"அப்படியா. எந்த ஊர்ணே?"

செல்வின் தயாராக வந்திருந்தார். முதல் நாள் வேனில் வரும்போது மலைப் பக்கம் போகிற சாலையில் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்து வைத்திருந்தார்.

"மெரிவேல்."

எர்ஸ்கின் வாளியை விட்டு எழுந்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. மெரிவேல்தானா?"

"பொறந்த ஊரை யோசிச்சா சொல்லுவாங்க?"

"நிஜமாவா அக்கா?"

லிஸ்ட்ரா கணவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எர்ஸ்கின் பக்கம் திரும்பினாள்.

"அவரு மெரிவேல்தான் தம்பி. நான்தான் அரீமாவிலேர்ந்து வாக்கப்பட்டவ. சொந்த ஊரைப் பத்திப் பேச ஆரம்பிச்சாப் போதும், கண்ணு கலங்கிடும் அவருக்கு."

செல்வினுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவர் பேச்சுக்கு இப்படி ஒத்து ஊதியதில்லை.

"அப்ப இங்க என்னண்ணே பண்றீங்க?" என்றான் எர்ஸ்கின். "இன்னிக்கு மெரிவேல்ல அறுப்பின் பண்டிகையாச்சே."

செல்வினின் வாயில் பிடித்திருந்த வால் நழுவியது. "இன்னிக்கா?"

"இன்னிக்கேதான். மெரிவேல் பிள்ளைங்க நியூயார்க்லேர்ந்து பிளேன் பிடிச்சு வந்து எறங்குறாங்க. நீங்க இங்க வந்து படகு ஏறணும்ங்கிறீங்க. உங்களை நான் ஏத்தினேன்னு தெரிஞ்சா ஊர்ல என் படகுக்கு ஓட்டை போட்டுருவாங்க."

"அது வந்து தம்பி, சாயங்காலமாப் போய்க்கலாம்னு..."

"சாயங்காலம் ஏலமே முடிஞ்சிடும்ணே. என் மச்சான் கார் இப்ப அங்கதான் போகுது. காசு வேண்டாம். ஏறுங்க."

கார்க் கதவு திறந்தது. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். பொய் சொல்லிவிட்டேன் தம்பி, நான் அரீமா, இன்றைக்கு எங்களுக்குக் கல்யாண நாள் என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டார். அப்போது மட்டும் நாக்கு எழவில்லை.

"போயிட்டு வா, மனுஷா," என்று லிஸ்ட்ரா அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "சொந்தக்காரங்களை ரொம்பக் கேட்டதாச் சொல்லு."

கார் திரும்பும்போது அவர் பின்னால் பார்த்தார். நீல கவுன் படகில் ஏறிக்கொண்டிருந்தது.

மெரிவேல் ஒரே தெரு. தெரு முழுக்க அண்டா. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. முதல் வாசலிலேயே மிஸ் ஐயோனி என்கிற பெரிய அம்மாள் கரண்டியோடு நின்றிருந்தார்.

"யார் வீட்டுப் பிள்ளை நீ?"

"மேல் வீடுங்க."

"எங்க ஊர்ல எல்லா வீடும் மேலதான். அப்பா பேரு?"

வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார். "தாமஸ்."

கரண்டி நின்றது. "கப்பல்ல போனானே, அந்தத் தாமஸா?"

டொபேகோவில் கப்பலில் போகாத தாமஸ் இருக்க முடியாது என்று கணக்குப் போட்டு, "அவரேதான்" என்றார் செல்வின்.

"எங்க அக்காவைக் கட்டிக்கிறேன்னு மோதிரம் போட்டுட்டுக் கப்பல் ஏறினவன். எங்க அக்கா ஒன்பது வருஷம் ஜன்னல்லயே நின்னா." மிஸ் ஐயோனி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "சரி. பண்டிகை நாள். உள்ள வந்து சாப்பிடு."

ஆட்டுக்கறி, பன்றிக்கறி, கீரைக் கடைசல், வேகவைத்த கிழங்கு. இதில்தான் எங்கேயோ பொறி இருக்கிறது என்று செல்வின் ஒவ்வொரு வாயையும் பயந்து பயந்து விழுங்கினார். பில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். அங்கேயும் தட்டு. ஆறு வீடு. தாமஸ் மகன் வந்திருக்கிறான் என்ற சேதி அவருக்கு முன்னால் நடந்து போய் தட்டு வைத்துக் காத்திருந்தது. நான்காவது வீட்டில் பொறுக்க முடியாமல் "எவ்வளவு ஆச்சுங்க?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் முகம் வாடிப்போனது. "அப்பன் புத்தி," என்று யாரோ உள்ளே சொன்னது கேட்டது.

யாரும் ஒரு காசு வாங்கவில்லை. பிறகு ஊர்த் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

கோயில் முற்றத்தில் ஊரார் படைத்த விளைச்சல் குவிந்திருந்தது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள்தான் ஏலத்தைத் தொடங்க வேண்டுமாம். ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினார்கள்.

"ஐம்பது," என்றார் செல்வின்.

வேறு யாரும் கேட்கவில்லை. ஆனால் யாரும் பூசணிக்காயைக் கீழே இறக்கவும் இல்லை.

"தாமஸ் மகன் ஐம்பதாம்," என்றார் மிஸ் ஐயோனி, பக்கத்தில் இருந்தவரிடம்.

"நூறு."

மிஸ் ஐயோனி பெருமூச்சு விட்டார். "ஒன்பது வருஷம். அந்த ஜன்னல்ல."

"இருநூறு."

தனக்கு எதிராகத் தானே ஏலம் கேட்டு, முந்நூறு டாலருக்குப் பூசணிக்காய் செல்வினுக்கு விழுந்தது. ஊரே கைதட்டியது. அது படகுச் செலவைப் போல எத்தனை மடங்கு என்று கணக்குப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் கடல் தெரிந்தது. ஆழ்ந்த நீலத்துக்கு நடுவில் ஓரிடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. அதில் எறும்பு மாதிரி புள்ளிகள். மனிதர்கள்தான். செல்வின் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதில் எது லிஸ்ட்ரா என்று தேடினார். அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை. ஆனாலும் கார்க்காரன் வந்து தோளைத் தொடும் வரை தேடிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ அவர் விடுதிக்கு வந்தபோது லிஸ்ட்ரா வராந்தாவில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"சொந்தக்காரங்க சௌக்கியமா?"

செல்வின் பூசணிக்காயைக் கீழே வைத்தார். "எப்படி இருந்துச்சு?"

"இடுப்பளவு தண்ணி. கால் விரல் ஒவ்வொண்ணும் தெரியுது. கரை எங்கேயோ கோடு மாதிரி." துண்டை மடித்தாள். "எல்லாரும் ஜோடி ஜோடியா நின்னாங்க. நான் எர்ஸ்கினோட கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

செல்வின் தரையைப் பார்த்தார்.

"காலையில நடக்கப் போனேனே, அப்பவே அவர்கிட்ட போயிட்டேன்," என்றாள் அவள். "நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டு எடுத்தேன். எங்க வீட்டுக்காரர் வந்து எந்த ஊருன்னு சொல்றாருன்னு கேளுங்க, மூணு தடவை கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அரீமான்னு சொன்னா ஏத்திக்கலாம்."

"வேற ஏதாவது சொன்னா?"

"எந்த ஊரைச் சொல்றாரோ அங்க அனுப்பிடுங்கன்னேன். பண்டிகை நடக்குற ஊரைப் பார்த்துச் சொல்லுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். உன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கத்தான் இருபத்தேழு வருஷம் கழித்து வந்தேன் என்று சொல்ல வேண்டும். செல்வின் தொண்டையைச் செருமி, எல்லாவற்றையும் ஒழுங்காகத் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"என் சீட்டுக் காசைத் திருப்பிக் குடுத்தானா?"

"குடுத்துட்டாரு," என்றாள் லிஸ்ட்ரா, எழுந்து உள்ளே போய்க்கொண்டே. "மெரிவேல்காரங்ககிட்ட அவரு காசு வாங்குறதில்லையாம்."