ஜன்னலுக்கு வெளியே நின்று படித்த ஏன்சார்

கோபப்படுவதற்காகவே விமானம் ஏறி, கடல் தாண்டி, தேனி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த ஒரே மனிதன் ஏன்சார்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

2001-இல் தேனியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் என் அறைக்கு வந்து சேர்ந்தவன் உகாண்டாக்காரன். ஜெயமங்கலத்துக்காரனான எனக்குத் தேனி பக்கத்து ஊர். அவனுக்கு அது வெளிநாடு. மகன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான் என்று அவன் வீட்டில் ஊருக்கே விருந்து வைத்து அனுப்பியிருந்தார்கள்.

வந்ததும் அவன் கற்ற முதல் தமிழ்ச் சொல் 'ஏன்'. மரியாதைக்கு ஒரு 'சார்' சேர்த்துக்கொண்டான். மூன்றே நாளில் பதிவேட்டில் இருந்த நீளமான பெயர் செத்துப்போய், ஏன்சார் ஆனான். பையன்கள் வேறு பெயர்களும் வைத்தார்கள். அவற்றை எழுதக் கை கூசுகிறது. அன்று கேட்டுச் சிரித்தவர்களில் நானும் உண்டு என்பதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

மெஸ்ஸில் சமைப்பவர் என்னிடம் வந்து முறையிட்டார். "சாம்பாருல ஏன் இம்புட்டுக் காரம்னு தினமும் கேக்குறாரு தம்பி. நான் என்னத்தச் சொல்ல?" தேனி பஸ் ஸ்டாண்டில் அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் ஒருவர் அவன் தலைமுடியைத் தொட்டே பார்த்துவிட்டார். ஏன்சார் நிதானமாகக் கையை நீட்டி அவர் வழுக்கையைத் தடவிப் பார்த்தான். கூட்டம் தானாகக் கலைந்தது.

வகுப்பில்தான் உண்மையான சண்டை. வாழைப் பாடம் எடுத்த பேராசிரியரிடம் மஞ்சள் பூத்த ஒரு நோட்டு இருந்தது. கமா, புள்ளி உட்பட அதை அப்படியே சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். தாய் மரத்தடியில் முளைக்கும் பக்கக்கன்றுகள் அனைத்தையும் நீக்கிவிட வேண்டும் என்றார் ஒருநாள். ஏன்சார் எழுந்தான்.

"ஏன் சார்?"

எங்கள் வீட்டுத் தோப்பு தாத்தா வைத்தது, கன்றுகளை வளரவிட்டுத்தான் அதே வாழைக்குத்திலிருந்து இன்றும் குலை வெட்டுகிறோம் என்று இங்கிலீஷில் விளக்கினான். அது உங்கள் ஊர், நீ எழுது என்றார் பேராசிரியர். அவன் மறுபடி ஏன் சார் என்றான். மூன்றாவது தடவை கேட்டதும் வெளியே அனுப்பிவிட்டார்.

எங்கள் தோட்டத்திலும் கன்று விட்டு, அதே குத்தில் மறுதாம்பாக இன்னும் இரண்டு விளைச்சல் எடுப்போம். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று அந்த வகுப்பில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றார் பேராசிரியர். ஏன்சார் மறுத்துவிட்டு, வராந்தாவில் ஜன்னலோரம் நின்று பாடத்தை எழுதினான். கை வலித்தால் நோட்டை ஜன்னல் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொள்வான். வருகைப்பதிவு மட்டும் கிடையாது. அது குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை போனால் உதவித்தொகை போகும். விருந்து சாப்பிட்ட ஊருக்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வகுப்புத் தலைவன் என்ற முறையில் நான் கெஞ்சினேன்.

"கேள்வி கேட்டதற்கு மன்னிப்பா? அப்படியென்றால் வகுப்புக்கு வந்ததற்கும் சேர்த்துக் கேட்டுவிடவா?" என்றான்.

அவன் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனுக்குத் தெரியாமல் நானே கடிதம் எழுதி, அவன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பேராசிரியர் அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்து, கடிதத்தை வகுப்புக்கே வாசித்தார். 'என் அறியாமையை மன்னிக்கவும்' என்ற வரி வந்ததும் ஏன்சார் எழுந்துவிட்டான்.

"அது என் கையெழுத்து இல்லை. என் அறியாமையும் இல்லை."

அறுபது தலைகள் திரும்பின. நான் எழுந்தேன். எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "நான்தான் சார் எழுதுனேன். தப்புதான். ஆனா எங்க தோட்டத்துலயும் கன்னு விடுவோம் சார். அவன் கேட்டது சரிதான்."

பேராசிரியர் இருவரையும் வெளியே அனுப்பினார். ஒரே ஜன்னல், ஆளுக்கொரு பக்கம். ஏன்சார் என்னோடு பேசவில்லை. அறையில் தன் கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டான். பேராசிரியர் மேல் காட்டிய கோபமெல்லாம் எனக்குக் கிடைத்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. சாரல் வராந்தாவைத் தாண்டி வகுப்புக்குள் அடித்தது. ஜன்னலைச் சாத்துங்கடா என்றார் பேராசிரியர். முன் வரிசைப் பையன் உள்ளிருந்து இழுக்க, ஏன்சார் நனைந்தபடி வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டான். மூடினால் பாடம் கேட்காதே. அந்த இழுபறியில் மேசைமேல் இருந்த மஞ்சள் நோட்டு நனைந்து, மை கரைந்து ஓட ஆரம்பித்தது. பேராசிரியர் அதை வேட்டியில் ஒற்றுவதுபோலப் பேண்ட்டில் ஒற்றிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சொல்வதற்கு அவரிடம் நோட்டு இல்லை.

"உள்ள வந்து தொலைங்கய்யா ரெண்டு பேரும்."

சொட்டச் சொட்ட உட்கார்ந்த ஏன்சார் உடனே கையைத் தூக்கினான். பேராசிரியர் பெருமூச்சு விட்டுப் பதில் சொன்னார். இங்கே குலை தள்ளும் வரை கன்று நின்றால் தாய் மரம் இளைக்கும், குலை சிறுத்தால் சந்தையில் விலை போகாது, மறுதாம்பு வேண்டுமானால் குலை தள்ளிய பிறகு ஒரு கன்றை விடலாம். இவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று இன்றுவரை எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன்சார் மட்டும் நன்றி சொல்லிவிட்டு எழுதிக்கொண்டான். அதன்பின் வந்த வகுப்புகளில் ஒன்றுவிடாமல் உட்கார்ந்து, வருகைப்பதிவில் விளிம்பில் தப்பித்து, பரீட்சையும் எழுதினான்.

என்னை மன்னித்துவிட்டதாக அவன் ஒருபோதும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு ஹாஸ்டலில் அறை மாற்றினார்கள். யாருடன் தங்க விருப்பம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வார்டன் கூப்பிடுகிறார் என்று போனேன். இது யார் பேரு, வாசிக்கவே முடியலையே என்று ஏன்சாரின் தாளை நீட்டினார். என் பெயரை, யாரையும் கேட்காமல், தமிழிலேயே எழுத முயன்றிருந்தான். ஐந்து எழுத்தில் மூன்று தப்பு. என் பேருதான் சார் என்றேன். நான் திருத்தவில்லை.